அட்டையில் செய்த கல்யாண கேக்

ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். வருடம் 1942. இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊர். மாப்பிள்ளை ராணுவ உடையில் நிற்கிறார். பக்கத்தில் மணப்பெண். இருவர் கையும் சேர்ந்து ஒரு கத்தியைப் பிடித்திருக்கிறது. எதிரே மேசை மேல் மூன்று அடுக்கு வெள்ளை கேக், ஓரமெல்லாம் பூ வேலைப்பாடு. பார்க்கிறவர் என்ன நினைப்பார்? "யுத்த காலத்திலும் கல்யாணத்தை ஜோராகத்தான் செய்திருக்கிறார்கள்" என்றுதானே!

அந்த மூன்று அடுக்கும் வெறும் அட்டை. அட்டை இல்லையென்றால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பேக்கரிக்காரரிடம் வாடகைக்கு எடுத்தது. மாலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், மறுநாள் இன்னொரு கல்யாணம் காத்திருக்கும்.

குறைந்த செலவில், கொஞ்சம் வித்தியாசமாக ஒரு கல்யாண வரவேற்பை எப்படி நடத்துவது என்று இன்றைக்கு ஆயிரம் பேர் யோசனை சொல்கிறார்கள். ஒரு நாடு முழுவதும் சுமார் பதினான்கு வருடம் வேறு வழியில்லாமல் அதைச் செய்து பார்த்திருக்கிறது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

கேக்குக்கு ஏன் இத்தனை மரியாதை?

நமக்குக் கல்யாணம் என்றால் சாப்பாட்டுப் பந்தியும் கையில் கொடுக்கிற தாம்பூலமும். ஆங்கிலேயர்களுக்கு அந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்தது கேக். வந்தவர்கள் சாப்பிடவும் அதுதான், வீட்டுக்குக் கொண்டு போகவும் அதுதான். கல்யாணத்துக்கு வர முடியாதவர்களுக்குச் சின்ன அட்டைப் பெட்டியில் ஒரு துண்டு வைத்துத் தபாலில் அனுப்புவார்கள். கல்யாணமாகாத பெண்கள் அந்தத் துண்டைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தால் வரப்போகிற கணவன் கனவில் வருவான் என்று ஒரு நம்பிக்கை. மேல் அடுக்கை வெட்டாமல் எடுத்து வைத்து, முதல் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் பரிமாறுகிற வழக்கமும் உண்டு. உலர் திராட்சையும் மதுவும் சேர்த்த கேக் என்பதால் அது சீக்கிரம் கெடாது.

வெள்ளை ஐசிங் என்பது பணத்தின் அடையாளமாகவே வந்த விஷயம். சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரை ஒரு காலத்தில் விலை அதிகம். கேக் எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு வசதியான வீடு! 1840ல் விக்டோரியா மகாராணி கல்யாணத்துக்குச் செய்த கேக்கின் எடை சுமார் 300 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 136 கிலோ. அதிலிருந்து விருந்தினர்களுக்குப் போன துண்டுகளில் ஓரிரண்டு, பெட்டியோடு பத்திரமாக இருந்து நம் காலத்தில் ஏலத்துக்குக் கூட வந்திருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. 1858ல் விக்டோரியாவின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது ஆளுயரத்துக்கு அடுக்கடுக்காக ஒரு கேக் செய்தார்கள். அதில் அடி அடுக்கு மட்டும்தான் கேக். மேலே இருந்ததெல்லாம் சர்க்கரையில் செய்த அலங்காரம். ஆக, கல்யாண கேக்கில் டூப்ளிகேட் போடுவது அரண்மனையிலேயே தொடங்கிவிட்டது. பின்னால் அட்டையில் செய்தவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

எட்டு அவுன்ஸ் சர்க்கரை

1939 செப்டம்பரில் யுத்தம் தொடங்கியது. பிரிட்டன் தன் சாப்பாட்டில் பெரும் பங்கை வெளியிலிருந்து கப்பலில் கொண்டுவந்த நாடு. ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களைத்தான் குறி வைத்தன. 1940 ஜனவரி 8ஆம் தேதி ரேஷன் வந்தது. முதலில் வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி. அப்புறம் மற்ற இறைச்சி, டீத்தூள், ஜாம், பாலாடைக்கட்டி என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது.

அளவு மாறிக்கொண்டே இருந்தாலும், ஒரு ஆளுக்கு ஒரு வாரத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ இதுதான்: சர்க்கரை 8 அவுன்ஸ் (சுமார் 225 கிராம்), வெண்ணெய் 2 அவுன்ஸ் (சுமார் 55 கிராம்), டீத்தூள் 2 அவுன்ஸ், கிடைத்தால் ஒரு முட்டை. இதை வைத்துக்கொண்டு நூறு பேருக்குக் கல்யாண கேக் செய்யச் சொன்னால் எப்படி?

அது போதாதென்று 1940 ஆகஸ்டில் இன்னொரு உத்தரவு வந்தது. சுட்டு எடுத்த கேக்கின் மேல் சர்க்கரை போட்டு விற்கக் கூடாது. அதாவது, ஐசிங்குக்குத் தடை! சர்க்கரையைச் சாப்பிடலாம், அலங்காரத்துக்கு வீணாக்கக் கூடாது என்பது அரசாங்கத்தின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் கல்யாணங்கள். பையன் சண்டைக்குப் போவதற்குள் முடித்துவிடலாம் என்று அவசர அவசரமாக நடந்தவை பல. நாற்பத்தெட்டு மணி நேர விடுமுறையில் வந்து, தாலி கட்டாத குறையாக மோதிரம் போட்டுவிட்டு ரயில் ஏறியவர்கள் எத்தனையோ பேர்.

இங்கேதான் பேக்கரிக்காரர்கள் மூளையைக் கசக்கினார்கள். அட்டையில் கூடு மாதிரி அடுக்கு செய்து, வெள்ளை அடித்து, பூ வேலை ஒட்டி, வாடகைக்கு விட்டார்கள். உத்தரவு சர்க்கரைக்குத்தானே, அட்டைக்கு இல்லையே! கூட்டுக்குள்ளே ஒரு சின்ன, சாதாரண கேக் உட்கார்ந்திருக்கும். புகைப்படம் எடுக்கும் வரை கூடு மேலே இருக்கும். பிறகு அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே இருப்பதை மெல்லிசாக நறுக்கிக் கொடுப்பார்கள்.

ஊர் கூடிச் செய்த கேக்

அந்தச் சின்ன கேக் வந்த கதையும் சுவையானது. மணப்பெண் வீட்டு ரேஷன் மட்டும் போதாது. எனவே அத்தை கொஞ்சம் சர்க்கரை, பக்கத்து வீட்டு அம்மா ஒரு கரண்டி வெண்ணெய், எதிர்வீட்டுப் பாட்டி ஒளித்து வைத்திருந்த ஒரு பிடி உலர் திராட்சை என்று சேரும். உலர் பழங்களும் 1942லிருந்து கணக்குக்குள் வந்துவிட்டன. முட்டைக்குப் பதில் அமெரிக்காவிலிருந்து டப்பாவில் வந்த முட்டைப் பொடி. இனிப்புக்குக் கேரட் துருவல். பாதாம் கிடைக்காததால் சோயா மாவில் மார்ஜரினும் பாதாம் எசன்ஸும் கலந்து ஒரு போலி பாதாம் பூச்சு. பழம் நிறையச் சேர்த்த கேக்குக்கு உண்டான கரும்பழுப்பு நிறம் வர வேண்டுமே? அதற்கு இறைச்சிக் குழம்புக்கு நிறம் கொடுக்கிற பிரவுனிங்கை இரண்டு சொட்டு விட்டார்கள்.

(அதே குழம்பு நிறத்தைப் பெண்கள் காலில் பூசிக்கொண்டு பட்டுக் காலுறை போட்டிருப்பதாகக் காட்டிக்கொண்டதும் உண்டு. மழை வந்தால் என்ன கதி என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்!)

சிரிப்பாக இருந்தாலும், நம் கண்ணில் பட வேண்டிய விஷயம் வேறு. சாதாரண நாளில் விருந்து கொடுப்பவர் கல்யாண வீட்டுக்காரர், வாங்கிக்கொள்பவர் விருந்தாளி. ரேஷன் காலத்தில் இது தலைகீழாகப் போனது. விருந்தாளிகளே தங்கள் வார ரேஷனிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததில்தான் கேக் உருவானது. கடைசியில் ஆளுக்கு ஒரு விரல் அகலத் துண்டு கிடைத்தபோது, தான் கொடுத்த ஒரு கரண்டி சர்க்கரையைத்தான் ஒவ்வொருவரும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அப்படியும் அந்தத் துண்டில் பாதியைப் பொட்டலம் கட்டி, தூரதேசத்தில் இருந்த அண்ணனுக்கோ தம்பிக்கோ அனுப்பினார்கள்.

அட்சதைக்கும் ஆபத்து

நாம் அட்சதை போடுகிற மாதிரி, பிரிட்டனிலும் மணமக்கள் மேல் அரிசி தூவுகிற வழக்கம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அதன் இடத்துக்கு வண்ணக் காகிதத் துணுக்குகள் வரத் தொடங்கின. அதற்குப் பெயர் 'கான்ஃபெட்டி'. பெயரின் கதை தெரியுமா? இத்தாலிய மொழியில் கான்ஃபெட்டி என்றால் காகிதம் இல்லை, சர்க்கரை பூசிய பாதாம். இத்தாலியக் கல்யாணங்களில் விருந்தாளிகளுக்குக் கொடுத்து அனுப்புகிற பரிசு அது. ஐந்து பாதாமை ஒரு சின்னத் துணியில் முடிந்து கொடுப்பார்கள். ஆரோக்கியம், செல்வம், மகிழ்ச்சி, மக்கட்பேறு, நீண்ட ஆயுள் என்று ஐந்துக்கும் அர்த்தம் உண்டு. ஐந்தை இரண்டாகப் பங்கு போட முடியாது, தம்பதியும் அப்படியே பிரியாமல் இருக்க வேண்டும் என்பது கூடுதல் விளக்கம். திருவிழாக்களில் தெருவில் அள்ளி வீசுவதற்கு மிட்டாய்க்குப் பதில் மலிவான பொருட்கள் வந்து, கடைசியில் காகிதத்தில் போய் நின்றது. பண்டம் மாறியது, பெயர் மட்டும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது.

யுத்த காலத்தில் இரண்டுமே சிக்கலாகிவிட்டன. உணவை வீணாக்குவது 1940லிருந்து தண்டனைக்குரிய குற்றம். பறவைகளுக்கு ரொட்டித் துண்டு போட்ட ஒரு பெண்ணுக்கு 1943ல் அபராதமே விதித்தார்கள். இந்த நிலையில் யார் துணிந்து அரிசியை அள்ளி வீசுவார்? காகிதத்துக்கும் தட்டுப்பாடு, பழைய பேப்பரையெல்லாம் யுத்த வேலைக்குச் சேகரித்துக் கொண்டிருந்தார்கள். எனவே அலுவலகங்களில் பஞ்ச் செய்யும்போது விழுகிற வட்டத் துணுக்குகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்துக் கல்யாணத்தன்று தூவினார்கள். பைசா செலவில்லாத வாழ்த்து.

பூவிலும் தட்டுப்பாடு. பூந்தோட்டங்களைக் கொத்தி உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் போடச் சொல்லி அரசாங்கம் பிரசாரம் செய்த காலம் அது. அதனால் மேசை அலங்காரம் என்பது வேலியோரம் மிச்சமிருந்த பூக்கள்தான்.

கூப்பன் கேட்ட கல்யாண உடை

1941 ஜூன் 1 முதல் துணிக்கும் ரேஷன். ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கு 66 கூப்பன். ஒரு கம்பளி உடைக்கு மட்டுமே 11 கூப்பன் போய்விடும். ஒரே ஒரு நாள் போடுகிற வெள்ளை கவுனுக்கு யார் செலவழிப்பார்? அம்மாவின் உடையை வெட்டித் தைத்தார்கள். ஜன்னல் திரையில் முகத்திரை செய்தார்கள். பாராசூட் பட்டுத் துணி கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். ராணுவத்தில் வேலை செய்த பெண்களுக்காகப் பழைய கல்யாண உடைகளைச் சேகரித்து இரவல் கொடுக்க ஏற்பாடு செய்தவர்களில் பார்பரா கார்ட்லண்டும் ஒருவர். ஆம், நம்மூர் பழைய புத்தகக் கடைகளில் மலை மலையாகக் குவிந்து கிடக்குமே, அந்தக் காதல் நாவல்களை எழுதியவர்தான். ஒரே உடை பல பெண்களின் கல்யாணத்தைப் பார்த்தது. வாடகை கேக், இரவல் உடை!

அரண்மனையில் ஒரு ரேஷன் கல்யாணம்

1945ல் யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. யுத்தத்தின்போது கூட இல்லாத ரொட்டி ரேஷன் 1946ல் புதிதாக வந்தது. இந்த நிலையில்தான் 1947 நவம்பர் 20ஆம் தேதி, பின்னால் ராணியான இளவரசி எலிசபெத்துக்குக் கல்யாணம் நடந்தது.

இளவரசியும் துணிக்குக் கூப்பன் கொடுக்க வேண்டியிருந்தது. நாட்டுப் பெண்கள் பலர் பாசத்தில் தங்கள் கூப்பன்களை அவருக்கு அனுப்பினார்கள். ஒருவர் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்பதால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கேக்? அது மட்டும் ஒன்பது அடி உயரம், நான்கு அடுக்கு. ஆனால் அதற்கான பொருட்களில் பல ஆஸ்திரேலியாவிலிருந்து அங்குள்ள சாரணியர் இயக்கப் பெண்கள் அனுப்பியவை. அதனால் அதற்குப் 'பத்தாயிரம் மைல் கேக்' என்று பெயர். பக்கத்து வீட்டு அம்மா ஒரு கரண்டி வெண்ணெய் கொடுத்த அதே கதைதான், கொஞ்சம் பெரிய அளவில்! விருந்தில் கௌதாரி பரிமாறினார்கள். அந்தப் பறவை ரேஷன் பட்டியலில் இல்லாதது.

எனக்கு மிகவும் பிடித்தது விருந்தாளிகளுக்குக் கொடுத்த நினைவுப் பரிசு. ஒவ்வொருவர் இடத்திலும் ஒரு சின்னப் பூச்செண்டு வைத்திருந்தார்கள். மிர்ட்டில் என்ற செடியின் கொத்தும், ஸ்காட்லாந்தில் அரச குடும்பத்துக்குச் சொந்தமான பால்மோரலில் வளர்ந்த வெள்ளை ஹெதர் பூவும். தங்கமில்லை, வெள்ளியில்லை. உலகத்தின் மன்னர்களும் மகாராணிகளும் உட்கார்ந்த மேசையில், சொந்தத் தோட்டத்துப் பூவே பரிசு.

இந்தக் கல்யாணத்துக்கு வந்த சுமார் 2,500 பரிசுகளில் நம் நாட்டிலிருந்து போன ஒன்று தனிக் கதை. என்னிடம் கொடுக்க எதுவுமே இல்லையே என்று காந்தி சொன்னபோது, மவுண்ட்பேட்டன் ஒரு யோசனை சொன்னார். காந்தி தன் கையால் ராட்டையில் நூற்ற நூலில் ஒரு சின்ன லேஸ் துணி பின்னி அனுப்பப்பட்டது. நடுவில் 'ஜெய் ஹிந்த்' என்ற எழுத்து. மணப்பெண்ணின் பாட்டியான மேரி அரசி அதைக் காந்தியின் இடுப்புத் துணி என்று நினைத்து முகம் சுளித்தாராம்! பரிசுகளில் இதைவிட மலிவானதும் இருந்திருக்காது, இதைவிட விலைமதிப்பு உள்ளதும் இருந்திருக்காது என்பது என் கட்சி.

கதையின் மறுபக்கம்

இவ்வளவு நேரம் ரசித்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் அது நேர்மையாக இருக்காது.

இங்கிலாந்தில் கேக்குக்கு ஐசிங் இல்லாத அதே 1943ல், அதே அரசாங்கத்தின் ஆட்சியில் இருந்த வங்காளத்தில் சோறே இல்லை. 1942ல் பர்மா ஜப்பானிடம் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அக்டோபரில் புயல் அடித்தது. விலை ஏழைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. தானியம் கொண்டுவரக் கப்பல் கேட்டு இந்தியாவிலிருந்து போன கோரிக்கைகள் லண்டனில் பெரும்பாலும் தட்டிக் கழிக்கப்பட்டன. இறந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்று 1945ல் அரசு விசாரணைக் குழு சொன்னது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் 20 முதல் 30 லட்சம் வரை கணக்கிட்டார்கள்.

பிரிட்டனின் ரேஷனை வரலாற்றாசிரியர்கள் பாராட்டுவதற்கு ஒரு காரணம், அது ஓரளவு எல்லோருக்கும் சமமாக இருந்தது. 1942ல் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு விருந்தாளியாகப் போன அமெரிக்க அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட், தங்க வெள்ளித் தட்டுகளில் சாதாரண யுத்த காலச் சாப்பாடு வந்ததை எழுதி வைத்திருக்கிறார். மன்னருக்கும் ரேஷன், மணப்பெண்ணுக்கும் ரேஷன். ஆனால் அந்தச் சமத்துவம் கடல் தாண்டி வரவில்லை. இல்லாமையைப் பங்கு போட்டுக்கொண்ட ஊரில் அட்டை கேக் ஒரு வேடிக்கை நினைவாக மிஞ்சியது. பங்கு போடாத ஊரில் மிஞ்சியது எலும்புக்கூடுகளின் புகைப்படங்கள். இரண்டும் ஒரே யுத்தம்தான்.

கடைசியாக...

சர்க்கரை ரேஷன் 1953ல் போனது. 1954 ஜூலை 4ஆம் தேதியோடு எல்லா ரேஷனும் முடிந்தது. அட்டை கேக்குகள் பரணுக்குப் போயின.

வாடகைக்கு அட்டை எடுத்து ஊரை ஏமாற்றுவதற்குப் பதில், கேக்கே இல்லாமல் கல்யாணம் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் அங்கே யாரும் ஏமாறவில்லை என்பதைக் கவனியுங்கள். அது அட்டை என்று மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும், ஏனென்றால் உள்ளே இருந்த கேக்குக்குச் சர்க்கரை கொடுத்தவர்களே அவர்கள்தான். பணக்காரன் என்று காட்டிக்கொள்ள வைத்த அட்டை இல்லை அது. குண்டு விழுகிற ஊரில், நாளை போர்முனைக்குப் போகிற பையனுக்கு, "இன்றைக்கு உன் கல்யாண நாள்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்ல ஒரு அடையாளம் தேவைப்பட்டது. அதற்கு அட்டை போதுமானதாக இருந்தது.

கடன் வாங்கி மேடை போட்டு, அந்தக் கடனை மணமக்களின் பெற்றோர் பல வருடம் அடைக்கிற கல்யாணங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த மேடையில் இருக்கிற பூ நிஜம், விளக்கு நிஜம், சிம்மாசனம் மாதிரி நாற்காலியும் நிஜம். ஆனால் பந்தியில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தச் செலவு யார் கழுத்தை நெரிக்கிறது என்று? அந்த அட்டை கேக்கில் எந்த ரகசியமும் இல்லை. யாரும் யாருக்கும் கடன்படவும் இல்லை, ஒரு கரண்டி சர்க்கரையைத் தவிர.